பெயர் தெரியாத பழமரங்களைக் கவாத்து செய்யலாமா?

கேள்வி
அண்மையில் எங்கள் கைக்கு வந்த தோட்டத்தில், நெடுநாள் கவனிப்பாரின்றி வளர்ந்த சில பழமரங்கள் நிற்கின்றன. இன்ன மரம் என்று சொல்ல முன்பிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. இப்போது பூவோ காயோ இல்லை. கிளைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, உள்ளே வெயில் புகாதபடி அடர்ந்துள்ளன. அடியிலிருந்தும் போத்துகள் கிளம்பியிருக்கின்றன. மரத்தின் பெயர் தெரியாமல் கத்தரியை எடுக்கலாமா?

மறுமொழி 1
பட்டுப்போன, நோயுற்ற, உரசுகின்ற கிளைகளை எந்த மரமானாலும் நீக்கலாம். ஐயமிருந்தால் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. மற்றவற்றை ஒருமுறை பூத்துக் காய்க்கும் வரை விட்டுவைப்பதே நல்லது. மா, முற்றிய கிளைகளின் நுனியில்தான் பூக்கும் என்பதால், பூக்கும் பருவத்துக்கு முன் நுனிகளை வெட்டினால் அவ்வாண்டு விளைச்சல் போய்விடும். கொய்யாவோ புதுத் தளிரில் பூப்பதால், வெட்டினால்தான் நன்றாகக் காய்க்கும். ஆப்பிளையும் பேரியையும் இலையுதிர்ந்து உறங்கும் காலத்தில் வெட்டுவார்கள். பிளம், செர்ரி ஆகியவற்றை அப்போது வெட்டினால் வெள்ளியிலை நோயின் பூஞ்சணம் காயத்தின் வழியே நுழைய இடமுண்டு என்பதால், அவற்றுக்கு வறண்ட கோடையே ஏற்றது.

மறுமொழி 2
காய்க்கும் வரை காத்திருக்காமலே சிலவற்றை இனங்காணலாம். இலைகள் எதிரெதிராக அமைந்து, வழவழப்பான தண்டில் பட்டை மெல்லிய ஏடாக உரிந்தால் கொய்யாவாக இருக்கலாம். இலையைக் கசக்கினால் நறுமணம் எழுந்து, வெளிச்சத்தில் பிடிக்கும்போது நுண்புள்ளிகள் தெரிந்தால் எலுமிச்சைக் குடும்பமாக இருக்கலாம்.
அடிப்போத்துகளை அவசரப்பட்டு வெட்டாமல், அவற்றின் இலை மேலேயுள்ள இலையை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அது ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து (நல்ல இனத்தை ஒட்டுவதற்கு அடியில் வைத்த வேறு செடி) வந்தது; கிளம்பும் இடத்திலேயே நீக்கிவிடுங்கள். மேலே ஒட்டிய பகுதி என்றோ பட்டுப்போய், இன்று நிற்பது முழுவதும் வேர்ச்செடியாகவே இருப்பதும் உண்டு. அப்படியானால் கவாத்து செய்து பயனில்லை.

கேட்டவர்
நன்றி. ஒரு மரத்தில் தொடைப் பருமனுள்ள கிளை ஒன்று பட்டுவிட்டது. அதைத் தண்டோடு ஒட்ட அறுக்கலாமா?

மறுமொழி 1
வேண்டாம். கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றுப் புடைத்த வளையம் தெரியும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும். முதலில் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுங்கள். அப்போதுதான் பாரத்தால் பட்டை கிழியாது. மிஞ்சும் கட்டையை வளையத்துக்கு வெளியே நீக்குங்கள். வெட்டில் வண்ணம் பூசத் தேவையில்லை. உயிருள்ள கிளைகளில் ஓராண்டில் கால்பங்குக்கு மேல் கழித்தால், மரம் காய்ப்பதை விட்டுச் செங்குத்தான போத்துகளையே தள்ளும்.