ரெட் ஹவுஸ் மாடல்: கூரை, ஜன்னல் விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கல்லூரி ஸ்டுடியோவுக்காக, கட்டடக் கலைஞர் பிலிப் வெப் வடிவமைத்த ரெட் ஹவுஸை 1:50 அளவில் மாடல் செய்கிறேன். லண்டனுக்குத் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத்தில், 1859-60இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸுக்காகக் கட்டிய வீடு. அன்றைக்கு அது கென்ட் கிராமப்புறம். பழத்தோட்டத்து மரங்களை முடிந்தவரை வெட்டாமல் எழுப்பியிருக்கிறார்கள்.

பிளானில் சிக்கலில்லை. 'எல்' வடிவம், உள்மூலையில் படிக்கட்டு, முற்றத்தில் கூம்புக் கூரை போட்ட கிணறு. கூரைதான் பாடாய்ப் படுத்துகிறது. இரண்டு பக்கச் சரிவும் படிக்கட்டுக் கோபுரத்தில் வந்து முட்டும் இடத்தில் ஓடு எப்படித் திரும்புகிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பது என்னிடம் உள்ள படங்களில் தெரியவே இல்லை.

இன்னொன்று ஜன்னல். வெளியே சர்ச் மாதிரி கூர்நுனி வளைவு. அதற்குள்ளே மேலும் கீழும் நகரும் சாதாரண சாஷ் ஜன்னல். வளைவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள செங்கல் பகுதி, சுவர் மட்டத்திலிருந்து எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது? மாடலில் நிழல் சரியாக விழ இது வேண்டும்.

(முக்கிய அறைகளை வடக்கு பார்த்து வைத்திருக்கிறார் மனிதர். வெயில் ஊர் என்றால் சரி, இங்கிலாந்துக் குளிரிலா?)

வீடு இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். போய் வந்தவர்கள் தோட்டப் பக்கத்திலிருந்து எடுத்த போட்டோ இருந்தால் பகிருங்கள். செல்ஃபிக்குப் பின்னால் கூரை தெரிந்தாலும் போதும். அளந்து வரைந்த டிராயிங் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் ரிவ்யூ.