'இழப்பீடு' போதாது: இனப்படுகொலைக்குப் பின் அரசு செலுத்துவதற்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

'ரெபரேஷன்ஸ்' (கொடுமை இழைத்த அரசு அதற்காகச் செலுத்துவது) என்பதற்கு 'இழப்பீடு' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. புயலடித்தாலும் இழப்புதான், அங்கே செய்தவன் என்று யாருமில்லை. தீங்குக்குச் செய்தவன் உண்டு. எனவே 'தீங்கீடு' (தீங்கு + ஈடு) என்று முன்வைக்கிறேன்.

பேச்சு மேசையில் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதற்கு 1952 சான்று. அந்த மார்ச்சில் நெதர்லாந்தின் வாசனாரில், நாஜிகள் யூதர்களைக் கொன்ற இனப்படுகொலைக்காக, மேற்கு ஜெர்மனியோடு இஸ்ரேலும் யூத உரிமைக்கோரிக்கை மாநாடும் (யூத அமைப்புகளின் கூட்டமைப்பு) பேசத் தொடங்கின. மாண்டவர்களுக்கு விலை வைக்காமல், தப்பி வந்த 5 லட்சம் பேரைக் குடியமர்த்தும் செலவை இஸ்ரேல் கணக்கிட்டது: ஆளுக்கு 3,000 டாலர், மொத்தம் 150 கோடி. அதில் 100 கோடி மேற்கு ஜெர்மனியின் பங்கு. செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்க்கில் கையெழுத்தானது 300 கோடி மார்க், பெரும்பகுதி சரக்காக; மாநாட்டுக்குத் தனியே 45 கோடி. ஜெர்மானியர் வழங்கிய பெயர் 'மீண்டும் நல்லதாக்கல்'. இஸ்ரேல் அதைத் தொடவில்லை. 'ஷிலுமிம்' என்றது: செலுத்துவது மட்டும், மன்னிப்பு அதில் சேராது. தனிநபர் கோரிக்கைக்கு 'பிட்சுயிம்' என்ற வேறு சொல்.

அந்தத் தனிநபர் வழியில் என்ன நடந்தது? மேற்கு ஜெர்மனியின் 1956 சட்டப்படி முகாமில் அடைபட்டிருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 150 மார்க். நோய்க்கு ஓய்வூதியம் வேண்டுமானால் உழைக்கும் திறன் 25 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும். அது துன்புறுத்தலால் வந்ததென மருத்துவ ஆய்வும் ஒப்ப வேண்டும். இழப்பை அளக்கப் புகுந்தால் மெய்ப்பிக்கும் சுமை பிழைத்தவர் தலையில் விழுகிறது. கொடுமை!

*

குழுவின் மறுமொழி: 'தீங்கு' சரி. 'ஈடு' உறுத்துகிறது. ஈடு என்றால் நிகர். எதற்கு எது நிகர்? கடன் இறுத்தல், வரி இறுத்தல் என்று நமக்கு ஒரு பழைய வினை இருக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தான் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஷிலுமிமுக்கு அதுவே நெருக்கம். 'தீங்கிறுப்பு' என்று கொள்வோம். தனிநபர் தொகைக்கு 'இழப்பீடு' இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. 2021-ல், தன் முன்னாள் குடியேற்ற நாடான நமீபியாவுக்கு 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாக ஜெர்மனி அறிவித்தபோது, அங்கே 1904-08-ல் ஹெரேரோ, நாமா மக்களைத் தன் படைகள் கொன்றது இன்றைய பார்வையில் இனப்படுகொலை என்றது. 'ரெபரேஷன்ஸ்' என்ற சொல்லை மட்டும் தவிர்த்தது. சட்டக் கடப்பாடு வந்துவிடக் கூடாது என்பதே காரணம். ஹெரேரோ, நாமா தலைவர்கள் பலர் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் 'தீங்கிறுப்பு' என்று எழுதக் கூடாது. எழுதினால், ஜெர்மனி தர மறுத்த ஒப்புதலைத் தமிழில் நாமே தந்தவர்களாவோம்.