தெளிவாகப் பேசப் பழகுவதற்கு வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பொன்றுக்கு இவ்வருடம் என்னைச் செயலாளராகத் தெரிவு செய்துள்ளார்கள். கணக்கு எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால் எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கியதும் வேகம் கூடி, சொற்களின் கடைசி எழுத்துகள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. சென்ற சிறுபோகக் கூட்டத்தில் நான் முப்பத்தேழு ஏக்கர் என்று வாசித்தது பலருக்கு முப்பத்தெட்டாகக் கேட்டதால், ஒரு ஏக்கருக்காக அரை மணித்தியாலம் வாக்குவாதம் நடந்தது.

எனக்குத் திக்குவாய் இல்லை. தனியே இருந்து, மூச்சை நிதானமாக எடுத்து வாசித்துக் கைபேசியில் பதிவுசெய்து கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே இருக்கிறது. நாற்பது பேர் பார்க்கும்போதுதான் அந்த நிதானம் மறந்துபோகிறது.

றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்கெனப் பட்டப்படிப்பு உண்டு. அத்துறையில் பயின்றவர்களோ, அச்சிகிச்சையைப் பெற்றவர்களோ இக்குழுவில் இருந்தால், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தமிழிலேயே அதனைப் பெறுவதற்கு யாரை அணுக வேண்டும் என்பதையும், வீட்டில் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம், எவ்வகையான பயிற்சி செய்யலாம் என்பதையும் அறியத் தாருங்கள். வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசும்படி ஏற்கெனவே மூவர் கூறிவிட்டனர். அது மட்டும் வேண்டாம்.