கழுகு தன் அலகை உடைத்துக்கொள்ளும் கதையை லெந்து செய்தியில் சொல்லலாமா?

காக்ஸ் டவுன் டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெங்களூரில் எங்கள் தமிழ் சபையில் லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் வாலிபர் கூட்டம் உண்டு. இந்த வருஷம் மனந்திரும்புதல் என்ற தலைப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து காலேஜ் முதல் வருஷம் வரை பிள்ளைகள் வருவார்கள். காட்டு மிருகங்களை வைத்துப் பேசினால் நன்றாகக் கவனிப்பார்கள் என்று நினைத்தேன்.

கமிட்டியில் எல்லாரும் சொல்வது அந்தக் கழுகுக் கதையைத்தான். வாட்ஸாப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். கழுகுக்கு 40 வயதாகும்போது அலகு வளைந்துவிடும், நகம் நீண்டுவிடும், இறகு கனத்துப்போகும். அது மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைக்கும். புது அலகு முளைத்ததும் நகங்களைப் பிடுங்கும், அப்புறம் இறகுகளைப் பிடுங்கும். 150 நாள் கழித்து புதிய பறவையாகப் பறந்து இன்னும் 30 வருஷம் வாழும். கடைசியில் சங்கீதம் 103:5 போட்டிருப்பார்கள்.

எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, இது உண்மையா? அலகு இல்லாமல் ஐந்து மாதம் அது எதைச் சாப்பிடும்? இன்னொன்று இதைவிடப் பெரியது. என் பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே தங்களைத் தாங்களே வெறுத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். அவர்களிடம் போய் "உன்னை நீயே உடைத்துக்கொள், ரத்தம் வரப் பிடுங்கு, அப்போதுதான் புதிதாவாய்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு நல்ல உதாரணம் யாராவது சொல்ல முடியுமா?

ஹெண்ணூர் விசுவாசி:

சிஸ்டர், நான் இந்தக் கதையை மூன்று கன்வென்ஷனில் கேட்டிருக்கிறேன். கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இயேசுவும் உவமைகள்தானே சொன்னார்? பறவை நிஜமாக அப்படிச் செய்கிறதா என்பதைவிட கருத்து முக்கியம். மனந்திரும்புதல் வலிக்கத்தான் செய்யும். அதை மறைக்கக் கூடாது.

சிங்கேன அக்ரஹாரம் பழமண்டி:

பிரதர், உவமை வேறு. "ஒரு மனுஷனுக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள்" என்று ஆரம்பிக்கும்போதே அது உவமை என்று எல்லாருக்கும் தெரியும். "கழுகு இப்படித்தான் வாழ்கிறது" என்பது தகவல். அந்தத் தகவல் தப்பு. காட்டில் கழுகுகள் 70 வருஷம் வாழ்வதில்லை, 30 வருஷம் தாண்டினாலே அபூர்வம். அலகு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும். உடைந்துபோனால் கறியைக் கிழிக்க முடியாமல் பட்டினியில் செத்துப்போகும்.

இறகு புதிதாவது மட்டும் உண்மை. ஆனால் பிடுங்கி எறிவதில்லை. ஒவ்வொன்றாக உதிரும், அந்த இடத்தில் புதிது முளைக்கும். இரண்டு இறக்கையிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் உதிர்வதால் அது பறப்பதை நிறுத்துவதே இல்லை. பெரிய கழுகுகளுக்கு எல்லா இறகும் மாற ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். ரஸ்ஸல் மார்க்கெட் கறிக்கடைகளுக்கு மேலே வட்டமடிக்கும் பருந்துகளைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். சில மாதங்களில் இறக்கையில் இடைவெளி தெரியும்.

அந்த வசனத்தையும் முழுசாக வாசியுங்கள். "நன்மையினால் உன் வாயைத் திருப்தியாக்குகிறார், கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது." வாயைத் திருப்தியாக்குகிறவர் அவர். அதற்கு முந்தின வசனங்களில் மன்னிக்கிறவர், குணமாக்குகிறவர், மீட்கிறவர், முடிசூட்டுகிறவர் எல்லாம் அவர்தான். இந்தக் கதையிலோ பறவை தன் வாயைத் தானே உடைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறது. தேவன் அதில் எங்குமே இல்லை. டீச்சருக்கு மனசு வராதது சரியானதுதான்.

உதாரணம் கேட்டீர்கள். என் மனசில் பல வருஷமாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நான் பழ வியாபாரி. பன்னேர்கட்டாவில் கரடிகளுக்கான மீட்பு மையம் இருக்கிறது, 2005 வாக்கில் வந்தது. கொஞ்ச காலம் அங்கே தர்ப்பூசணி, வாழைப்பழம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். தெருவில் கரடி ஆட்டம் நடந்ததை 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் அது ரொம்ப காலம் நடந்தது. குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்குத்தண்டில் ஓட்டை போட்டு, கயிறு கோர்ப்பார்கள். கோரைப் பற்களைத் தட்டி எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கரடிகளை நாடு முழுக்க 600-க்கும் மேல் மீட்டிருக்கிறார்கள். 2009 கடைசியில் இனித் தெருவில் ஆடும் கரடி இல்லை என்று அறிவித்தார்கள்.

அந்தக் கரடி தன் கயிற்றைத் தானே அவிழ்க்க முடியாது. இழுத்தால் சதைதான் கிழியும். யாரோ ஒருவர் வந்து அறுக்க வேண்டும். கிருபை என்றால் எனக்கு அதுதான் கண்முன் வரும். யோபு 39-ல் கர்த்தர் கேட்கிறாரே, காட்டுக்கழுதையின் கட்டுகளை அவிழ்த்தவர் யார் என்று!

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. கயிறு போய் வருஷங்கள் ஆன ஒரு பெண் கரடி, பெரிய தோப்பு மாதிரி இடத்தில், ஒரே இடத்தில் நின்று இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. மூக்கில் தழும்பு மட்டும்தான், கயிறு இல்லை, முன்னால் யாரும் இல்லை. எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. பராமரிக்கிறவரிடம் கன்னடத்தில் கேட்டேன், அடக்க மாட்டீர்களா என்று. "பயம் வந்தா ஆடும், பசிச்சா ஆடும். நாங்க அதட்ட மாட்டோம். மரக்கட்டை ஓட்டையில தேன் தடவி வைப்போம், மோப்பம் பிடிச்சு அதுவே வந்திடும்" என்றார். கொஞ்ச நேரத்தில் அது வரவும் செய்தது.

விடுதலையான பிறகும் பழைய பாவத்துக்கே திரும்பிப்போய் நின்று, "நான் இரட்சிக்கப்படவே இல்லையோ" என்று கலங்கும் பிள்ளை உங்கள் கூட்டத்தில் கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். ஆடுகிறதே என்று அந்தக் கரடிக்கு யாரும் திரும்பக் கயிறு மாட்டவில்லை.

விவேக் நகர் கத்தோலிக்கப் பெண்:

அண்ணா, படிக்கும்போதே கண் கலங்கியது. ஆனால் ஒரு கேள்வி. கரடி பாவம் செய்யவில்லையே? அதற்கு அநியாயம் நடந்திருக்கிறது. மனந்திரும்ப வேண்டியவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லவா? பிள்ளைகள் "நான் பாதிக்கப்பட்டவன் மட்டும்தான்" என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் மறைக்கல்வியில் தவக்காலத்தில் அசிசியார் (புனித பிரான்சிஸ்) கதை சொல்வோம். இத்தாலியில் குப்பியோ ஊரில் ஆட்களைக் கொன்ற ஓநாயிடம் அவர் தனியாகப் போய்ப் பேசினாராம். பசியால்தான் இப்படிச் செய்தாய், இனி செய்யாதே, ஊர் உனக்குச் சாப்பாடு போடும் என்றாராம். அதுவும் முன்னங்காலைத் தூக்கி அவர் கையில் வைத்ததாம். மரபுக்கதை என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வோம். அதில் குற்றம், மன்னிப்பு, வாக்குறுதி எல்லாம் வருகிறது.

சிங்கேன அக்ரஹாரம் பழமண்டி:

நல்ல கேள்வி தங்கச்சி. கயிற்றின் ஒரு முனையில் கரடி, மறு முனையில் ஒரு மனிதன். மனந்திரும்புதலை அந்த மனிதனிடம்தான் பார்க்க வேண்டும். கலந்தர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் இருந்தவர்கள், கரடி இல்லையென்றால் அடுப்பு எரியாது. "விடு, இது பாவம், சட்டவிரோதம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் காட்டில் இன்னொரு குட்டியைப் பிடித்திருப்பார்கள். வேறு பிழைப்புக்கு வழி செய்து கொடுத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதன்பேரில் அவர்கள் கரடியைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். சிலருக்கு மீட்பு மையங்களிலேயே வேலை கிடைத்தது. கையிலிருந்த கயிற்றைக் கொடுத்தது அவர்கள் செயல், அதைச் சிறிதாக நினைக்கவே கூடாது. ஆனால் கொடுப்பதற்கு முன்பே ஒரு வழி திறந்திருந்தது. உங்கள் ஓநாய்க் கதையிலும் ஊர் சாப்பாடு போடுகிறதே.

டீச்சர், ஒரு வேண்டுகோள். அந்தச் சமூகத்தைக் கொடியவர்களாகக் காட்டிவிடாதீர்கள். அவர்கள் முஸ்லிம்கள், ஏழைகள். நம் பிள்ளைகள் வேறு எதையாவது மனசில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

லிங்கராஜபுரம் அக்கா:

கழுகு வேண்டும் என்று கமிட்டி அடம்பிடித்தால் தானியேல் 4-ஐ எடுங்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் மனுஷரிடமிருந்து தள்ளப்பட்டு, மாடுகளைப்போல் புல்லை மேய்ந்து, பனியில் நனைந்து கிடந்தான். அவன் மயிர் கழுகுகளின் இறகு மாதிரியும் நகங்கள் பட்சிகளின் நகம் மாதிரியும் வளர்ந்தது என்று 33-ம் வசனம். அவன் அதில் ஒரு இறகையும் பிடுங்கவில்லை, ஒரு நகத்தையும் உடைக்கவில்லை. கண்களை வானத்துக்கு ஏறெடுத்தான், புத்தி திரும்பி வந்தது. அவ்வளவுதான் அவன் செய்தது.

நான் கேஜிஎஃப்-பில் (கோலார் தங்கவயல்) வளர்ந்தவள். சுரங்கத்தில் வேலை முடிந்து குடித்துவிட்டு வரும் அப்பாக்கள் மத்தியில் வளர்ந்தோம். "இனி தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்து தன்னையே அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மறுநாளே குடிப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி ஜெபிப்பார். எரேமியா 31:18, "என்னைத் திருப்பும், அப்பொழுது திரும்புவேன்." தினமும் சத்தமாக. அவர் விட்டுவிட்டார். எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் அந்த ஜெபத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுங்கள்.

ஹெண்ணூர் விசுவாசி:

வாயைத் திருப்தியாக்குகிறார் என்ற பகுதியை நான் கவனித்து வாசித்ததில்லை. எங்கள் பாஸ்டருக்கும் அனுப்பியிருக்கிறேன். வலி இல்லாத மனந்திரும்புதல் உண்டா என்பதில் மட்டும் இன்னும் எனக்குக் கேள்வி இருக்கிறது.

லிங்கராஜபுரம் அக்கா:

வலி உண்டு தம்பி. கயிற்றை அறுத்து எடுக்கும்போது அந்த மூக்கு வலிக்காமலா இருந்திருக்கும்? வலியை நாமே உண்டாக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்வது.

காக்ஸ் டவுன் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல் வெள்ளி கரடியும் கயிறு பிடித்த மனிதனும், அடுத்த வெள்ளி தானியேல் 4 என்று பிரித்துக்கொள்கிறேன். எரேமியா வசனத்தை அட்டையில் எழுதி ஆளுக்கொன்று கொடுக்கப் போகிறேன். கமிட்டியில் நானே பேசிக்கொள்கிறேன். பழமண்டி அண்ணா, பிள்ளைகளை அழைத்துப்போனால் கரடிகளைப் பார்க்க முடியுமா?

சிங்கேன அக்ரஹாரம் பழமண்டி:

பன்னேர்கட்டா பார்க் சஃபாரியில் கரடிகளைப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்கு வந்துவிடாதீர்கள். மெஜஸ்டிக்கிலிருந்து 365 வண்டி வருகிறது. கூட்டமாக வருவதென்றால் காலையில் சீக்கிரம் வாருங்கள், வெயில் ஏறினால் கரடிகள் நிழலைவிட்டு வெளியே வராது. தேதி முடிவானதும் இங்கேயே சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தர்ப்பூசணி என் பொறுப்பு.