கலைச்சொல் உதவி: வரைகலை அட்டையும் செருகுவாயும், ‘ஒத்திசைவு’ போதுமா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மேசைக்கணினிகளைப் பழுதுபார்ப்போருக்கான கையேட்டில் வரைகலை அட்டை பற்றிய அதிகாரத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘கம்பாட்டிபிலிட்டி’ வரும் இடத்திலெல்லாம் ‘ஒத்திசைவு’ என்றே போட்டிருக்கிறது. ஏஜிபி, அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு முன் வரைகலை அட்டைக்கென இருந்த செருகுவாய், பற்றிய பகுதியில் அந்தச் சொல் தடுமாறுகிறது. 8 மடங்கு வேக அட்டைக்கும் 4 மடங்கு வேகத் தாய்ப்பலகைக்கும் (மதர்போர்டு, இனி ‘பலகை’) ஒத்திசைவு குறைவு என்று எழுதுகிறோம். 3.3 வோல்ட் அட்டைக்கும் 1.5 வோல்ட் பலகைக்கும் ஒத்திசைவு இல்லை என்றும் எழுதுகிறோம். முதலாவதில் போவது கொஞ்சம் வேகம். இரண்டாவதில் பலகையே போய்விடும். கடையில் அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் சொல்லிலேயே தெரிய வேண்டும். பரிந்துரைகள் தாருங்கள்.

மடல் 2

ஐயா, வணக்கம்.

அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அட்டை வாய்க்குள் இறங்குமா? இறங்கினால் இரண்டுக்கும் மின்னழுத்தம் ஒன்றா? ஒன்று என்றால் எந்த வேகத்தில் ஓடும்? இவற்றைப் பிரிக்காமல் நல்ல சொல் அமையாது.

இறங்குவதைத் தீர்மானிப்பது வாயின் குறுக்கே இருக்கும் சிறு தடுப்பு. இதை ‘முட்டு’ எனலாம். அட்டை விளிம்பில் அதற்கு நேராக இருப்பது ‘வெட்டு’. 3.3 வோல்ட் வாயில் முட்டு கணினியின் பின்பக்கத்தை, அதாவது மானிட்டர் கேபிள் மாட்டும் பக்கத்தை, ஒட்டி 22 முதல் 25 வரையுள்ள முனைகளின் (பின்களின்) இடத்தில் வரும். 1.5 வோல்ட் வாயில் உள்ளே தள்ளி, 42 முதல் 45 வரை. இரண்டு வெட்டும் உள்ள அட்டை இரண்டிலும் இறங்கும். முட்டுக்கு ஆங்கிலத்தில் ‘கீ’ என்பார்கள், அதற்காகச் ‘சாவி’ என்று எழுதிவிட வேண்டாம். இது திறப்பதற்கு இல்லை, தவறான அட்டையைத் தடுப்பதற்கு.

ஆபத்து எங்கே என்றால், இரண்டு வெட்டும் இருந்தும் 3.3 வோல்ட்டில் மட்டுமே இயங்கும் அட்டைகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. முறைப்படி 1.5 வோல்ட் அட்டை ‘டைப்டெட்’ என்ற முனையை மின்தரையோடு (கிரவுண்ட்) இணைத்துத் தன்னைத் தெரிவிக்கும். இரு மின்னழுத்தமும் தரக்கூடிய பலகை அதைப் பார்த்து மாறிக்கொள்ளும். இன்டெல் 845, 850 சிப்செட் (பலகையின் முக்கியக் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) உள்ள பலகைகள் 1.5 வோல்ட்டுக்கு மட்டுமே. அங்கே இரண்டு வெட்டுள்ள 3.3 வோல்ட் அட்டையைச் செருகி மின்சாரம் கொடுத்தால், தாங்க முடியாத 3.3 வோல்ட் சிப்செட்டுக்குள் போய் அதை எரித்துவிடும். சில அசுஸ் பலகைகளில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை விளக்கு உண்டு. அது எரிந்தால் கணினி ஆன் ஆகாது.

ஆகவே முதலாவது ‘பொருத்தம்’, இரண்டாவது ‘மின்னிணக்கம்’. “பொருத்தம் உண்டு, மின்னிணக்கம் இல்லை” என்று ஒரே வரியில் எச்சரிக்க முடிகிற சொற்களே நமக்கு வேண்டும்.

மடல் 3

வேகத்தைப் பற்றி.

ஏஜிபியின் அடிப்படைத் துடிப்பு (கிளாக்) 66 மெகாஹெர்ட்ஸ்தான். எந்தப் பதிப்பிலும் அது மாறவில்லை. ஒரு துடிப்புக்கு எத்தனை முறை தரவு போகிறது என்பதே மாறியது: 1, 2, 4, 8 மடங்குகளுக்கு நொடிக்கு 266, 533, 1066, 2133 மெகாபைட். ‘மடங்கு’ இங்கே மிகப் பொருத்தமான சொல், அதை விட்டுவிடக் கூடாது.

அட்டையும் பலகையும் தம்மால் முடிந்த மடங்குகளைத் தெரிவிக்கும். இரண்டுக்கும் பொதுவானவற்றில் உயர்ந்தது தேர்வாகும். அப்படி முடிவாகும் வேகத்துக்குத்தான் பெயர் இல்லை. ‘பொது வேகம்’ என்றால் சராசரி என்று எடுத்துக்கொள்வார்கள். ‘உடன்பாட்டு வேகம்’ நீளம். என் பரிந்துரை ‘இசைவு வேகம்’. பெட்டியில் அச்சிட்டிருப்பது ‘உச்ச வேகம்’. “உச்ச வேகம் 8 மடங்கு, இந்தப் பலகையில் இசைவு வேகம் 4 மடங்கு.”

லினக்ஸில், செருகிய அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -விவி சேர்த்து ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டினால், ஏஜிபி பகுதியில் ஸ்டேட்டஸ் வரி தெரிவிக்கப்பட்ட மடங்குகளையும் கமாண்ட் வரி இசைவு வேகத்தையும் காட்டும். 8 மடங்கைக் கொண்டுவந்த ஏஜிபி 3.0 முறையில் அதே பிட்டுகளின் பொருள் மாறிவிடும்: முதல் பிட் 4 மடங்கு, அடுத்தது 8 மடங்கு. இதை அறியாத கருவி 1, 2 என்று காட்டும். அதைப் பார்த்து அட்டையைக் கழற்ற வேண்டாம்.

டெஸ்க்டாப் நன்றாக ஓடி, முப்பரிமாண விளையாட்டு தொடங்கியதும் உறைந்தால், முதலில் பயாஸில் (பலகையின் தொடக்க அமைப்புத் திரையில்) ஃபாஸ்ட் ரைட்டை, அதாவது செயலி அட்டைக்கு நேராகத் தரவு எழுதும் வசதியை, அணையுங்கள். பிறகும் உறைந்தால் இசைவு வேகத்தை ஒரு படி இறக்குங்கள். இழப்பு பெரும்பாலும் சொற்பம், ஏனென்றால் படங்களில் பெரும்பகுதி அட்டையின் சொந்த நினைவகத்தில்தான் இருக்கும்.

மடல் 4

‘இசைவு வேகம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏஜிபிக்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் வாய்க்கும் சரிவருமா என்று பார்க்க வேண்டும். அங்கே ‘எக்ஸ்16’ என்பது 16 மடங்கு இல்லை, 16 தடம் (லேன், அதாவது தரவு போகும் தனித்தனிப் பாதை). வேகம் தலைமுறையைப் பொறுத்தது. ஒரு தடத்தில், ஒரு திசையில், 1.0-க்கு நொடிக்கு 250 மெகாபைட், 2.0-க்கு 500, 3.0-க்கு ஏறத்தாழ 985. ‘எக்ஸ்’ வரும் இடத்திலெல்லாம் ‘மடங்கு’ என்று போட்டால் கையேடு பொய் சொல்லும்.

இசைவும் அங்கே இரண்டு விஷயங்களில் நடக்கிறது. ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டையின் விளிம்பு 16 தட நீளம், உள்ளே இணைந்திருப்பவை 4 தடங்களே. 4.0 பலகையில் அதற்குக் கிடைப்பது ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 7.9 ஜிகாபைட், 3.0 பலகையில் அதில் பாதி. அட்டையின் 4 ஜிகாபைட் நினைவகம் நிரம்பி, படங்கள் வாய் வழியாகப் போய்வரத் தொடங்கும்போது இந்தப் பாதி நன்றாகவே உறைக்கும். எனவே ‘இசைவுத் தடம்’, ‘இசைவுத் தலைமுறை’ இரண்டும் தேவை. அளப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த அட்டை முதல் தலைமுறையின் (1.1) வேகத்துக்கு இறங்கிவிடும். ஏதாவது முப்பரிமாணக் காட்சியை ஓடவிட்டுத்தான் அட்டையின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் நிரலில் பார்க்க வேண்டும்.

மடல் 5

இரண்டாம் மடல் எழுதிய நண்பருக்கு ஒரு திருத்தம். மின்னிணக்கமும் வேகமும் முழுக்கத் தனித்தனி இல்லை. 8 மடங்கில் சமிக்ஞை 0.8 வோல்ட்டுக்கு இறங்குகிறது. ஆனால் அதற்கெனத் தனி முட்டு கிடையாது, 1.5 வோல்ட்டின் முட்டேதான். இரு பக்கமும் 8 மடங்குக்குத் தயாரா என்பதைத் தனி முனைகள் வழியாக அட்டையும் பலகையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. ஆகவே 0.8-ஐயும் 1.5-ஐயும் ‘இசைவு’ பகுதியிலும், 3.3-ஐ மட்டும் ‘மின்னிணக்கம்’ பகுதியிலும் வைப்பதே பழுதுபார்ப்பவருக்கு உதவும். முன்னது தானாக நடப்பது, பின்னதைக் கண்ணால் பார்த்து நாம் உறுதிசெய்ய வேண்டும்.

மடல் 6

அனைவருக்கும் நன்றி. பொருத்தம், மின்னிணக்கம், இசைவு என்ற வரிசையில் அதிகாரத்தை மாற்றி எழுதுகிறேன். ‘எக்ஸ்’ என்பது ஏஜிபியில் மடங்கு, பிசிஐ எக்ஸ்பிரஸில் தடம். 3.3 வோல்ட்டில் மட்டும் ஓடும் அட்டை 2 மடங்கைத் தாண்டாது என்பதால், எச்சரிக்கைப் பெட்டிக்கு இந்த வாசகம்: “அட்டை வாய்க்குள் இறங்குவது பொருத்தம் மட்டுமே. 845, 850 பலகைகளில் 2 மடங்குக்கு மேல் போகாத அட்டையை, இரண்டு வெட்டு இருந்தாலும், செருகாதீர்கள். 4 மடங்கு என்று அட்டையின் விவரக்குறிப்பில் இருந்தால் மட்டும் செருகுங்கள்.” ‘முட்டு’க்கு மாற்றுச்சொல் வைத்திருப்பவர்கள் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.