பாலுக்கு முன்னாடி சூடு: பெரிய ஈத்தில் நோஞ்சான் குட்டியை வளர்த்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

செங்காங் அக்கா:

சுங்கை காடுட்டில் ஒரு மரப்பட்டறைக்குப் பின்னால், அடுக்கி வைத்த பலகைகளுக்கு அடியில் ஒரு நாய் ஒன்பது குட்டி போட்டிருந்தது. ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாகச் சொல்வோமே, அந்தக் கலப்பினம். பட்டறையில் வேலை செய்யும் தம்பிகள்தான் அதற்குச் சோறு வைத்துப் பழக்கியிருந்தார்கள். இடத்தைக் காலி செய்யப் போகிறார்கள் என்றதும் மீட்புக் குழுவுக்குத் தகவல் சொன்னதும் அவர்களே. நான் அந்தக் குழுவில் இருப்பதால் தாயும் பிள்ளைகளும் எங்கள் பொறுப்பில் வந்தார்கள். எங்களுடையது வீவக வீடு, அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி. அனுமதிக்கப்பட்ட சிறு இனத்தில் ஒரே ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். அதனால் கொழுந்தனாரின் தரைவீட்டில் துணி துவைக்கும் அறை பிரசவ அறையானது. விலங்கு விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஏவிஎஸ் பக்கம் பேச வேண்டியதைக் குழுவில் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

எட்டுக் குட்டிகள் 320, 350 கிராம் என்று கொழுகொழுவென இருந்தன. ஒன்பதாவது 198 கிராம்.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “இது தேறாதும்மா. பெத்தவளே ஒதுக்குறா பாரு” என்றார். உண்மைதான், மூக்கால் தள்ளித் தள்ளி மூலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கையில் எடுத்தால் குட்டி சில்லென்று இருந்தது. ஈறு வெளுத்துக் கிடந்தது, கத்தக்கூட இல்லை. தாய்நாய் ஒதுக்குவது பெரும்பாலும் இந்தக் குளிர்ந்த உடம்பைத்தான். அதைப் பலர் ‘விதி’ என்று எடுத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது என் ஆதங்கம்.

இந்த ஊர் வெக்கையில் குளிருமா என்று கேட்காத ஆளே இல்லை. குளிரும். பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனே முதல் வாரத்தில் வந்திருக்காது. உடம்புச் சூட்டைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ள மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் சுற்றிலும் 29 முதல் 32 டிகிரி வரை வேண்டும். நம் வீட்டு ராத்திரி 25, 26 டிகிரி. டிசம்பர், ஜனவரி அடைமழையில் 23க்கும் இறங்கும். அதோடு சில்லென்ற தரை, தலைக்கு மேல் சுழலும் காற்றாடி, பக்கத்து அறை ஏர்கான் கதவிடுக்கு வழியாக விடும் காற்று. குண்டுக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துச் சமாளித்துவிடும். நோஞ்சானுக்கோ கொழுப்பு கிடையாது, அந்தக் குவியலிலிருந்து முதலில் உருண்டு விழுவதும் அதுதான்.

இந்த நிலையில் பாலைப் புகட்டக் கூடாது. உடம்புச் சூடு 34.5 டிகிரிக்குக் கீழே போனால் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கி வயிறு உப்பிவிடும், அல்லது மேலே எதுக்களித்து மூச்சுக்குழலுக்குள் போகும். பாவம் பார்த்து அவசரமாகப் பால் கொடுத்தே பல குட்டிகள் போகின்றன.

ஆகவே முதலில் சூடு, அதுவும் மெதுவாக, ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு. வெந்நீரில் முக்குவது, முடி உலர்த்தியை நேராகப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். சுடுநீர்ப் பையைத் தடித்த துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும், சூடு மிஞ்சினால் குட்டி நகர்ந்துகொள்ள. மருந்துக்கடையில் விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். முதல் வாரத்தில் 35 முதல் 37 வரை இருந்தால் நிம்மதி. இடையில் கால்நடை மருத்துவர் போனில் சொன்னபடி குளுக்கோஸ் தண்ணீரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஈறில் தடவினேன். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போவதும் குளிரும் கைகோத்துக்கொண்டுதான் வரும்.

ஈறு மெல்லச் சிவந்தது. பிறகு ஒரு கத்தல். தாயிடம் கொண்டுபோய் வைத்தோம். சற்று முன் தள்ளிவிட்டவள் தலை முதல் வால் வரை நக்கித் தீர்த்துவிட்டாள்.

இரண்டாவது, தராசு. முஸ்தபா கடையில் வாங்கிய சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுத வேண்டும், நோஞ்சானுக்கு மட்டும் காலையும் மாலையும். பிறந்த எடையில் தினம் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் எடை இரட்டிப்பாக வேண்டும். முதல் நாள் சற்றே குறைவது சகஜம், ஆனால் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். கண்ணால் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்பதை நான் நம்புவதில்லை. குட்டி சோர்வதற்கு முன்பே தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம்தான் பால். நாய்க்குப் பத்துக் காம்பு இருந்தாலும் எல்லாம் ஒரே அளவு சுரக்காது. பின்கால் பக்கத்துக் காம்புகளில்தான் பால் அதிகம், வலுத்தவர்கள் அங்கேதான் குடித்தனம். தாயின் கண்ணில் படும்படி ஒரு கூடையில் பெரியவர்களைக் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, நோஞ்சானையும் அடுத்த சின்னவனையும் பின் காம்பில் விட்டோம். சீம்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தியைக் குடல் ஏற்றுக்கொள்வது முதல் 24 மணி நேரம் வரைதான், அதிலும் முதல் 12 மணி நேரம்தான் தங்கம். புதுசாகப் பிறந்த குட்டி கையில் கிடைத்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

தாய்ப்பால் பற்றாததால் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் குட்டிகளுக்கான பால்மாவைக் கலக்கிக் கொடுத்தோம். குட்டியின் வயிறு 100 கிராம் எடைக்கு நாலு மில்லி வரை தாங்கும். அப்படியானால் எங்கள் ஆளுக்கு ஒரு வேளைக்கு எட்டு மில்லிக்கு மேல் கூடாது, தொடக்கத்தில் அதையும் குறைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி வேளையைக் கொழுந்தனார் மகன் எடுத்துக்கொண்டான். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், கேம் ஆடிக்கொண்டு எப்படியும் விடிய விடிய விழித்திருப்பவன். முதல் முறையாக அதற்கு ஒரு பிரயோஜனம்.

மாமியார் பரணிலிருந்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்து வந்தார். “உன் புருஷனையே இதுலதான் வளர்த்தேன்.” அத்தையிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது. மனிதக் குழந்தையைப் போல மல்லாத்தி, வாயில் ஊற்றினால் நாய்க்குட்டிக்குப் புரையேறி நுரையீரல் கெட்டுவிடும். தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே இருக்க, தலையை லேசாக மட்டும் தூக்கி, அதுவாக உறிஞ்ச விட வேண்டும். உறிஞ்சவே முடியாத குட்டிக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டிவரும், அதை மருத்துவரிடம் கற்றுக்கொண்டுதான் செய்யலாம். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் தடவிச் சிறுநீர், மலம் வரவைக்கும் வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அதுவும் மூன்று வாரம் வரை தானாக வராது. சிறுநீர் தெளிந்து இருக்கிறதா, மஞ்சளாகக் கெட்டியாக வருகிறதா என்று எனக்குச் சொல்வதும் அவரே. மஞ்சளடித்தால் உடம்பில் நீர் பற்றவில்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

கிராஞ்சி தம்பி:

அக்கா வணக்கம். நான் ஊர்ல புதுக்கோட்டை பக்கம், இங்க கட்டுமானம். போன மழைக்காலத்துல சைட்ல கன்டெய்னருக்கு அடியில தண்ணி ஏறிடுச்சு. உள்ள ஏழு குட்டி. தாய் ஒவ்வொண்ணா கவ்வி மேட்டுக்குக் கொண்டுபோச்சு, கடைசி ஒண்ணை விட்டுட்டுப் போயிருச்சு. எடுத்தா கட்டை மாதிரி விறைச்சுக் கெடக்கு. செத்துப்போச்சுன்னுதான் நெனச்சோம். ஊர்ல ஆட்டுக்குட்டி இப்படிக் கெடந்தா சாக்குல தேச்சு நெஞ்சோட வச்சுக்குவோம். அதேதான் பண்ணேன். ஈரத்தைத் துடைச்சு சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு மதியச் சாப்பாட்டு நேரம் பூரா உக்காந்திருந்தேன். காலை ஆட்டுச்சு.

கூட வேலை செய்யற அண்ணன் டீக்கு வச்சிருந்த டின் பாலைக் கரைச்சு எடுத்துட்டு வந்தாரு. நல்லவேளை போன்ல பேசின மீட்புக் குழு அக்கா “வேணாம் தம்பி, சூடா மட்டும் வச்சிருங்க, வந்துட்டே இருக்கோம்”னாங்க. சாயங்காலம் எல்லாத்தையும் தாயோட சேர்த்துக் கூட்டிட்டுப் போனாங்க. அது பொழச்சு இப்ப ஒரு சீனக் குடும்பத்துல இருக்கு, படம் அனுப்பினாங்க. ஒரு சந்தேகம், டின் பால் ஏன் கூடாது? ஊர்ல நாய்க்குட்டி எல்லாம் பசும்பால் குடிச்சுத்தானே வளருது?

ஈசூன் அண்ணன்:

எல்லாம் சரி. ஆனால் ஒன்பதில் ஒன்று போவது இயற்கை. தாய்க்குத் தெரியாததா நமக்குத் தெரியும்? பலவீனமானதைப் பிடித்து நிறுத்திப் பிற்காலத்தில் மருத்துவச் செலவில் சிக்கவேண்டுமா? தெருவில் இருக்கிற நாய்களே போதாதா?

சிலேத்தார் வாசி:

ஈசூன் அண்ணனுக்கு முழு மறுப்பு சொல்ல மாட்டேன். எங்கள் லாப்ரடார் பத்துக் குட்டி போட்டாள். கடைசிக் குட்டி மற்றவற்றில் பாதிகூட இல்லை. நன்றாகத்தான் வாய் வைத்தது, ஆனால் குடிக்கும்போதெல்லாம் மூக்கு வழியாகப் பால் குமிழ் விட்டது. அன்று மாலையே மருத்துவர் வாயைத் திறந்து காட்டினார், மேலண்ணம் நடுவில் பிளந்திருந்தது. வேறு குறைகளும் இருந்தன. நிறைய யோசித்து, வலியில்லாமல் அனுப்பிவைக்கச் சம்மதித்தோம். என் மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எல்லா நோஞ்சானையும் காப்பாற்ற முடியாது, ஆனால் எது முடியும் எது முடியாது என்று பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும். பிறந்த அன்றே விரலைச் சுத்தம் செய்து ஒவ்வொரு குட்டியின் அண்ணத்தையும் தடவிப் பாருங்கள்.

செங்காங் அக்கா:

சிலேத்தார் வாசி, மனசு கனத்துவிட்டது. அண்ணம் பார்க்கச் சொன்னதற்கு நன்றி, நான் எழுத விட்டுப்போனது.

கிராஞ்சி தம்பி, நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை பசும்பாலில்தான் கூடுதல். ஊரில் பசும்பால் குடிக்கும் குட்டி பெரும்பாலும் கண் திறந்து ஓடியாடுகிற வயசு, தாயிடமும் குடித்துக்கொண்டிருக்கும். பிறந்த நோஞ்சானுக்கு அதைக் கொடுத்தால் கழிச்சல் பிடித்து, இருக்கிற நீரும் போய்விடும். டின் பாலில் சர்க்கரை வேறு. நீங்கள் சட்டைக்குள் வைத்தீர்களே, அதைவிட நல்ல முதலுதவி எந்தக் கிளினிக்கிலும் கிடையாது.

ஈசூன் அண்ணே, சின்னதாகப் பிறப்பதெல்லாம் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. கருப்பையில் கிடைத்த இடம், நச்சுக்கொடி வழியாக வந்த பங்கு குறைந்திருக்கலாம். தெருநாய் என்றால் ஒரே ஈத்தில் இரண்டு மூன்று அப்பன்கூட இருக்கும். அதில் ஒருவன் குள்ளனாக இருந்திருந்தால் குட்டியும் அப்படித்தான். தெருநாய் எண்ணிக்கை பற்றி நீங்கள் சொன்னது நியாயம், அதற்குக் குட்டியைச் சாகவிடுவது வழியில்லை. 2018இல் ஆரம்பித்த பிடித்து, கருத்தடை செய்து, விடும் திட்டம் அதற்குத்தானே. எங்கள் தாய்க்குப் பால் வற்றியதும் கருத்தடை முடிந்தது.

பிடோக் தங்கை:

அக்கா, ஒரு கேள்வி. நாங்களும் வீவக வீடுதான். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ ஒன்று தத்தெடுக்க ஆசை. நோஞ்சான் குட்டியாகப் பார்த்து எடுத்தால் வளர்ந்தும் சின்னதாகவே இருக்கும், உயரக் கட்டுப்பாட்டில் பிரச்சினை வராது என்று ஒருத்தர் சொன்னார். உண்மையா?

செங்காங் அக்கா:

அந்த நம்பிக்கையில் எடுக்காதீர்கள் தங்கை. கலப்பின நாய்களைத் தத்துக்கொடுக்கும் ‘அடோர்’ திட்டத்தில், தோள் உயரம் 55 செ.மீ. வரை உள்ளவற்றை வீவக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். முன்பு எடைக்கும் வரம்பு இருந்தது, 2020இல் எடுத்துவிட்டார்கள். கருத்தடை, மைக்ரோசிப், உரிமம், பயிற்சி வகுப்பு எல்லாம் கட்டாயம். ஆனால் பிறந்த எடைக்கும் வளர்ந்த உயரத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. வயிறு நிறையக் கிடைத்துவிட்டால் நோஞ்சான் எட்டிப் பிடித்துவிடும். எங்கள் 198 கிராம் ஆசாமி இப்போது 54 செ.மீ., வளர்த்தி இன்னும் நிற்கவில்லை. அண்ணன்மார் இரண்டு பேர் அவனைவிடக் குட்டை. அவனுக்கென்று கேட்ட வீவக குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். கொழுந்தனார் மகனுக்கு அதில் ரகசிய சந்தோஷம்.

சின்னதாக வேண்டும் என்றால் வளர்ந்து முடிந்த நாயை அளந்து பார்த்துத் தத்தெடுங்கள். காப்பகத்தில் இப்போது 48 செ.மீ.யில் ஒரு பெண் இருக்கிறாள், மூன்று வயசு, மாடிப்படி பழகியவள், இடி மின்னலுக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அவளோடு கொஞ்சம் நடந்து பாருங்களேன்.