எக்ஸாஸ்ட் பிரேக் போட்டும் இறக்கத்தில் பிடிக்கவில்லை, வால்வு ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

பாரவண்டி:
வணக்கம். என்னிடம் இருப்பது 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு டீசல் பிக்கப். நான்கு கியர் ஆட்டோமேட்டிக். டிரெய்லர் மாட்டினால் மொத்தம் 5,000 கிலோ வரும். போன மாதம் ஒரு நீண்ட இறக்கத்தில் பாதி தூரம் வந்ததும் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. கூடவே கருகல் வாடை. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. பிள்ளைகள் வண்டிக்குள் இருந்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அதனால் பழைய எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து வண்டியை மெதுவாக்கும் கருவி) ஒன்று வாங்கி, டர்போவுக்குப் பின்னால் நானே பொருத்தினேன். வேக்குவத்தில் இயங்கும் வகை. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சுவிட்ச் போட்டால் வால்வு மூடுகிறது, புகைக்குழாய்ச் சத்தமும் அடங்குகிறது. ஓட்டும்போதுதான் சிக்கல். ஓவர்டிரைவை (நான்காம் கியரை) அணைத்து மூன்றாம் கியரில் 80-ல் வரும்போது காலை எடுத்தால், ஒரு நொடி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருக்கிறது. அடுத்த நொடியே ஆர்.பி.எம். முள் 1,900-லிருந்து 1,200-க்குச் சரிகிறது, வண்டி தன் போக்கில் உருளத் தொடங்குகிறது. ஸ்பிரிங் மாற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

கிரீஸ்கை:
முள் சரிகிறது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். அந்த இரண்டையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்தான் லாக்கப். உங்களுக்கு அந்த லாக்கப் விட்டுப்போகிறது.

டீசலில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றை அடைக்கும் திராட்டில் தட்டு கிடையாது. காலை எடுத்தாலும் எஞ்சின் தாராளமாகக் காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், வண்டியைப் பெரிதாகப் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் செய்வது வெளியேறும் வழியை அடைப்பது. உள்ளே அழுத்தம் ஏறும், ஒவ்வொரு பிஸ்டனும் அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளும் வேலைக்கான சக்தி சக்கரத்திலிருந்து வர வேண்டும். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் லாக்கப் இல்லாவிட்டால் எண்ணெய் மட்டும் வழுக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் எஞ்சினைத்தான் பிடித்து நிறுத்துகிறீர்கள், வண்டியை அல்ல.

இந்த மாதிரிப் பழைய கியர்பாக்ஸ்கள் காலை எடுத்ததும் லாக்கப்பை விடுவிக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் போட்டிருக்கும்போது லாக்கப்பைப் பிடித்து வைக்க ஒரு கன்ட்ரோலர் வேண்டும்.

பாரவண்டி:
நன்றி அண்ணா! லாக்கப் சோலினாய்டுக்கு (லாக்கப்பை இயக்கும் மின்வால்வு) ஒரு சாதாரண டாகிள் சுவிட்ச் இழுத்தால் போதாதா?

கிரீஸ்கை:
சிலர் அப்படி ஓட்டுகிறார்கள். மறந்துபோய் லாக்கப்போடு நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் அதோடு போகும். இறக்கத்தின் அடியில் ஒரு வளைவில் அது நடக்க வேண்டாம் தம்பி. வேகம் ஓர் அளவுக்குக் கீழே வந்தால் தானாக விடுவிக்கும் கன்ட்ரோலரே போடுங்கள்.

இன்னொன்று. காலை எடுத்த நிலையில் உங்கள் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தமும் குறையும். லாக்கப் கிளட்ச்சைக் குறைந்த அழுத்தத்தில் பிடித்து வைத்துக்கொண்டு எஞ்சின் பிரேக்கின் பாரத்தையும் அதன்மேல் போட்டால் வழுக்கும், எரியும். வால்வ் பாடியில் (கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) அந்த அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்க ஆட்டோமேட்டிக் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். காசு மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

சுழலி:
ஸ்பிரிங் பற்றி நான் சொல்கிறேன். பிடிப்பு வராததற்கு அது காரணம் இல்லை, ஆனால் விட்டுவிடக் கூடாது. ஒரு சிலிண்டர் வெளியே தள்ளும் அழுத்தம் மேனிஃபோல்டு (எல்லா சிலிண்டர்களின் புகையும் சேரும் குழாய்) வழியாக, அந்த நேரம் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும் இன்னொரு சிலிண்டரின் மூடிய எக்ஸாஸ்ட் வால்வை முதுகிலிருந்து தள்ளும். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் வால்வு இருக்கையை விட்டு எழும்பும். அளவு மீறினால் பிஸ்டனில் போய் அடிக்கும். அந்த 12 வால்வு எஞ்சினுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் போடுகிறவர்கள் 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் ஸ்பிரிங் மாற்றுவது வழக்கம்.

முதலில் அளந்து பாருங்கள். மேனிஃபோல்டில் ஒரு துளையிட்டு, ஒரு மீட்டர் அளவு உலோகக் குழாயைச் சுருளாகச் சுற்றி, அதன் முனையில் கேஜ் மாட்டுங்கள். சுருள் இல்லாவிட்டால் சூடு கேஜைக் கொன்றுவிடும். பழைய பொருள் என்றீர்கள், பட்டர்ஃபிளை தட்டில் (புகைவழியை மூடும் அந்த வால்வுத் தட்டு) சிறு துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அழுத்தம் எல்லை மீறாமல் காப்பது அந்தத் துளைதான். அதை யாராவது அடைத்திருந்தால் ஸ்பிரிங் மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

இறக்கம்:
கணக்கு ஒன்றைச் சொல்ல ஆசை. 6 சதவீதச் சரிவில் 5 கிலோமீட்டர் இறங்கினால் உயரம் 300 மீட்டர் குறையும். உங்கள் 5,000 கிலோவுக்கு அது ஏறக்குறைய 14.7 மெகாஜூல். 25 டிகிரியில் இருக்கும் 45 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கினால் அன்று நீங்கள் முகர்ந்த வாடைதான் வரும்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. கம்மின்ஸ் டீசல் எஞ்சின் நிறுவனத்தை நிறுவிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-ல் டீசல் லாரி ஒன்றில் கலிபோர்னியாவின் காஹோன் கணவாய் இறங்கும்போது பிரேக் கைவிட்டது, கீழே தண்டவாளத்தில் வந்த ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அதை மறக்காமல் அவர் பின்னாளில் உருவாக்கிய கம்ப்ரெஷன் பிரேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது வால்வைத் திறந்துவிடும் வேறு வகை, உங்களுடையதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எக்ஸாஸ்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். மழையில், வழுக்கும் பாதையில் அணைத்துவிடுங்கள், பின்பக்கம் வழுக்கினால் டிரெய்லர் மடித்துத் தள்ளும். டிரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக்கும் கன்ட்ரோலரும் இருக்கிறதா? நீங்கள் பெடலை மிதிக்காதவரை பின்னால் உள்ள பிரேக் விளக்கு எரியாது என்பதால், பின்னால் வருகிறவருக்கு வேகம் குறைவது தெரியாது.

பாரவண்டி:
எலக்ட்ரிக் பிரேக் இருக்கிறது, ஆனால் கெயினை (டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அமைப்பை) குறைத்து வைத்திருந்தேன். அன்று பாரம் முழுக்க பிக்கப் தலையில்தான் விழுந்திருக்கிறது. கூட்டிவிட்டேன்.

பாரவண்டி (மூன்று வாரம் கழித்து):
வேலை முடிந்தது. வால்வ் பாடி, கன்ட்ரோலர், ஸ்பிரிங் மூன்றும் ஆயிற்று. தட்டில் துளை இருந்தது. முதல் ஓட்டத்தில் கேஜ் 28 பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஏறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கரி பூத்திருந்தது, அழுத்தம் அந்த வழியாகத்தான் கசிந்திருக்கிறது. கேஸ்கெட் மாற்றியதும் அதே 1,900-ல் 42 வந்தது.

நேற்று அதே இறக்கம். மேலேயே வேகத்தைக் குறைத்து மூன்றாம் கியருக்கு வந்து, காலை எடுத்தேன். முள் அசையவில்லை. வண்டி 80-ல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. கீழே வரும்வரை பெடலை இரண்டு முறைதான் மிதித்தேன். ஓரங்கட்டி முன்சக்கரம் பக்கம் கையைக் கொண்டுபோனேன், வெதுவெதுப்புதான். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பராமரிப்பு என்று ஏதாவது உண்டா?

சுழலி:
படித்ததும் நிம்மதியாக இருந்தது. டிரெய்லர் இல்லாத நாளிலும் வாரம் ஒருமுறையாவது பிரேக்கைப் போட்டு எடுங்கள். சும்மா கிடந்தால் தட்டின் தண்டு கரியில் இறுகிவிடும். எஞ்சின் ஆறியபின் தண்டில் அதிக வெப்பம் தாங்கும் லூப்ரிகண்ட் இரண்டு சொட்டு விடுங்கள், சாதாரண கிரீஸ் வேண்டாம், அது கருகி நிலைமையை மோசமாக்கும்.